ஹோட்டன் சமவெளியில கட்டாயம் பாக்க வேண்டியது என்னென்ன? அம்மாவையும் கூட்டிக்கொண்டு போறம்

வடமராட்சிப் பெடியன்:

வணக்கம் எல்லாருக்கும். தைப்பொங்கல் முடிய குடும்பமா நுவரெலியா பக்கம் போற பிளான் ஒண்டு இருக்கு, அக்கா குடும்பம் கனடாவில இருந்து வந்து நிக்கினம், அவையளுக்கு அங்க மலை மேல இருக்கிற ஹோட்டன் சமவெளித் தேசிய பூங்கா பாக்கோணும் எண்டு சரியான ஆசை. யாழ்ப்பாணத்தில இருந்து வான் பிடிச்சுப் போறம், நுவரெலியாவில தங்கி அடுத்தநாள் விடிய மலைக்கு வெளிக்கிடலாம் எண்டு யோசிச்சிருக்கு.

பிரச்சினை என்னெண்டா இன்டர்நெட்டில தேடினா எல்லாரும் உலக முடிவு எண்ட செங்குத்து மலை விளிம்பில நிண்டு எடுத்த படம்தான் போட்டிருக்கினம், அதைத் தவிர அங்க என்ன இருக்கு எண்டு ஒருத்தரும் விளக்கமா எழுதேல்ல. முழுச் சுத்தும் 9 கிலோமீற்றர் நடக்கோணும் எண்டு சொல்லுகினம். அம்மாவுக்கு 64 வயசு, ஒரு முழங்கால் நோ இருக்கு, ஆனா விட்டிட்டுப் போக எனக்கு மனமில்லை, அவ மலைநாட்டுப் பக்கமே இன்னும் வடிவா பாத்ததில்லை. அக்காவின்ர பிள்ளையள் ரெண்டு பேர், 7 வயசும் 11 வயசும்.

நாங்கள் தங்கப்போற இடத்தில வான் மேல ஏறாது, ஜீப்தான் எடுக்கோணும், தாங்களே ஒழுங்கு செய்து தாறம் எண்டு சொல்லுகினம், அது உண்மையோ? எத்தனை மணிக்கு அங்க நிக்கோணும்? எதைக் கட்டாயம் பாக்கோணும், எதை விடலாம்? போய் வந்த ஆக்கள் கொஞ்சம் சொல்லுங்கோ.

தலவாக்கலை தம்பி:

வணக்கம் அண்ணன். நாங்க இந்தப் பக்கத்து ஆளுங்கதான், சொந்தக்காரங்க யாரு வந்தாலும் கூட்டிட்டு போறது என் வேலை, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

மொதல்ல ஜீப் விஷயம். தேவையே இல்ல. நுவரெலியாவுல இருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியா 32 கிலோமீட்டர் கிட்ட வரும், தார் ரோடு, ஃபார் இன்ங்கிற பழைய பங்களா வரைக்கும் வான் போகும், அங்கதான் பார்க்கிங். வளைவு ஜாஸ்தி, விடியக்காலைல மூட்டம் இருக்கும், டிரைவர் நிதானமா ஓட்டுற ஆளா இருந்தா போதும்.

நேரந்தான் எல்லாத்தையும் விட முக்கியம். கேட் காலைல 6 மணிக்கு தெறப்பாங்க, நீங்க அந்த நேரத்துக்கு டிக்கட் கவுண்டர்ல நிக்கணும், அதுக்கு நாலரைக்கே வெளிக்கிட்டுருங்க. ஏன்னா அந்த மலையோட தெக்குப் பக்கம் அப்படியே செங்குத்தா வெட்டிவிட்ட மாதிரி கீழ எறங்குது, கீழ் நாட்டுல வெயில் ஏற ஏற அங்க உள்ள ஈரக்காத்து சுவரோட ஒட்டி மேல ஏறும், ஏறி குளிர்ந்து மேகமாயிரும், 9 மணி 10 மணிக்கெல்லாம் உலக முடிவுல நின்னா முன்னால வெள்ளைத் துணி தொங்கவிட்ட மாதிரி ஒண்ணுமே தெரியாது. பத்தரைக்கு வந்து சேந்துட்டு "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்"னு பேசிட்டு போற ஆளுங்கள எவ்வளவோ பாத்திருக்கேன், பாவமா இருக்கும். தை மாசம் நல்ல மாசம், ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் மழை குறைவு.

நடை தொடங்கி கொஞ்ச தூரத்துல பாதை ரெண்டா பிரியும். வலது பக்கம் போனா பேக்கர் நீர்வீழ்ச்சி, இடது பக்கம் போனா சின்ன உலக முடிவு, அதைத் தாண்டி பெரிய உலக முடிவு. ரெண்டும் ஒரே வட்டந்தான், எப்படி போனாலும் சுத்தி இங்கயே வந்துரலாம், ஆனா மூட்டத்துக்கு முந்தணும்னா இடது பக்கம் போங்க, நீர்வீழ்ச்சி எங்கயும் ஓடிப் போகாது, அதைத் திரும்பி வர்றப்ப பாத்துக்கலாம்.

சின்ன உலக முடிவ நெறைய பேரு ஒரு போட்டோ எடுத்துட்டு தாண்டிப் போயிருவாங்க. எனக்கு அது ரொம்ப புடிக்கும், கூட்டம் கம்மி, பள்ளம் பெரிய உலக முடிவு அளவுக்கு ஆழம் இல்லாததால அடிவாரத்து மரமெல்லாம் தனித்தனியா கண்ணுக்குத் தெரியும். பெரிய உலக முடிவு 870 மீட்டர் கிட்ட நேரா கீழ. வானம் தெளிவா இருந்தா தூரத்துல குளங்க தெரியும், ரொம்ப நல்ல நாளா அமைஞ்சா தெக்குக் கடல் ஒரு வெள்ளிக் கோடு மாதிரி தெரியும், 80 கிலோமீட்டர் கிட்ட தள்ளி இருக்கு அந்தக் கடல். ஆனா நான் கூட்டிட்டு போற எல்லாருக்கும் சொல்றது, கடலைத் தேடுறதுக்கு முன்னாடி நேரா கீழ பாருங்கன்னு. பச்சைக்கு நடுவுல சின்னச் சின்னதா வெள்ளைப் புள்ளி தெரியும், அது நான்பரெயில் தேயிலைத் தோட்டம், அந்தப் புள்ளியெல்லாம் நம்ம ஆளுங்க இருக்கிற லயம், தொழிலாளிங்களோட வரிசை வீடு. மேல நிக்கிற நமக்கு கொழுந்து எடுக்கிறவங்க தெரிய மாட்டாங்க, ஆனா அவங்க மலையில நின்னு அண்ணாந்து பாத்தா இந்தச் சுவருதான் பாதி வானம். பிள்ளைங்களுக்கு அதைக் காட்டுங்க அண்ணன், கனடாவுல குடிக்கிற சிலோன் டீ எப்படிப்பட்ட எடத்துல வெளையுதுன்னு தெரியட்டும்.

எல்லா எடத்துலயும் கம்பி வேலி கிடையாது. ஓரத்துல புல் மூடியிருக்கும், அதுக்குக் கீழ மண்ணு இல்லாம இருக்கலாம். இங்க விழுந்து செத்தவங்க இருக்காங்க. 2015-ல டச்சுக்காரர் ஒருத்தர் படம் எடுக்க பின்னால பின்னால போயி விழுந்துட்டாரு, நடுவுல மரத்துல சிக்கினதால உயிர் தப்பிச்சாரு, ஆமிக்காரங்க எறங்கி தூக்கினாங்க. 7 வயசுப் பிள்ளைய அந்த எடத்துல கைய விடாதீங்க.

அம்மாவைப் பத்தி: முழுச் சுத்து வேணாம். பாதை மேடு பள்ளம், மழைத்தண்ணி அறுத்துப்போட்ட செம்மண் பள்ளம், கல்லு, மரவேரு. பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு எறங்குற எடம் ரொம்ப செங்குத்து, எறங்குறதுல முழங்கால் தாங்காது. ஆனா ஆரம்பத்துல உள்ள புல்வெளிப் பாதை லேசா இருக்கும், பாதை பிரியற எடம் வரைக்கும் யாராவது ஒருத்தரோட மெதுவா போயி ஓடைக்கரையில ஒக்காந்துட்டு திரும்பலாம். அந்தப் புல்வெளியே பாக்க வேண்டியதுதான்.

வடமராட்சிப் பெடியன்:

தம்பி, மிச்சம் நன்றி, இவ்வளவு விளக்கமா ஒருத்தரும் சொல்லேல்ல. ஜீப் கதையை இண்டைக்கே வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன். இன்னொண்டு, அம்மா கன தூரம் நடக்காட்டியும் வாகனத்தில இருந்து, இல்லாட்டி வாகனத்துக்குக் கிட்ட நிண்டு பாக்கக்கூடிய மாதிரி ஏதும் இருக்குதோ? அவ வீட்டு முற்றத்தில குருவிக்குத் தண்ணி வைக்கிற ஆள், குருவி மிருகம் எண்டா மணித்தியாலக் கணக்கா பாத்துக்கொண்டு இருப்பா.

கொண்டைக்குருவி:

உங்கட அம்மாவுக்கு ஏத்த இடம் உது. உலக முடிவுக்குப் போற ஆக்களை விட அவ கூடப் பாத்திட்டு வருவா எண்டு நான் நிச்சயமா சொல்லுவன்.

ஃபார் இன்னுக்குப் போற வாகன றோட்டுக் கரையிலேயே அரங்கா குளம் எண்டு ஒரு சின்னக் குளம் இருக்கு, பேர் பெரிசு, குளம் ஒரு பெரிய கிணத்தடி அளவுதான், பாத்தா நிக்காமல் போயிடுவியள், டிறைவரிட்ட முதலே சொல்லி வையுங்கோ. அந்தக் குளத்துக்கு அரங்கா எண்டு பேர் வந்ததே அங்க வாற ஒரு குருவியாலதான், கறுப்பு நீலத்தில தோளில மட்டும் மினுங்கிற நீலம், விசில் அடிக்கிற மாதிரி மெல்லிசா ஒரு சத்தம் போடும், உலகத்தில இலங்கை மலைக்காட்டைத் தவிர வேற எங்கயும் இல்லை. விடியக்காலமையும் பொழுதுபடுற நேரமும்தான் வெளிய வரும், நல்லா வெளிச்சம் வந்தால் பத்தைக்குள்ள போயிடும். வானை நிப்பாட்டி எஞ்சினை ஓஃப் பண்ணி, பிள்ளையளையும் கத்த விடாமல், ஒரு பத்துப் பதினைஞ்சு நிமிஷம் பொறுமையா நில்லுங்கோ. அது வராட்டியும் காதடியில மஞ்சள் இறகு நீட்டிக்கொண்டு நிக்கிற கொண்டைக்குருவி வரும், அதுவும் இலங்கையில மட்டும்தான் இருக்கு.

வாகனம் நிப்பாட்டுற இடத்தைச் சுத்தி காலமையில மரை நிக்கும். பெரிய கொம்போட கிடா மரை ஒண்டு பனி ஈரம் சொட்டச் சொட்ட ஆளுக்குப் பக்கத்தில வந்து நிக்கும், நெருங்கிப் பாத்தால் மூச்சு விடேக்க மூக்கில இருந்து ஆவி பறக்கிறது தெரியும், கழுத்து மயிர் ஈரத்தில திரிதிரியா ஒட்டியிருக்கும். பாக்க ஆசையா இருக்கும் எண்டாலும் தயவுசெய்து பாண், பிஸ்கட் ஒண்டும் குடுக்க வேண்டாம், அது தடை செய்திருக்கு. மனிசரிட்ட சாப்பாடு எதிர்பாக்கப் பழகின மரை பொலித்தீனையும் சேத்துத் திண்டுபோடும், வயித்துக்குள்ள பொலித்தீன் கட்டியாகிச் சாகிற மிருகத்துக்கு மருந்தில்லை.

அம்மாவோட புல்வெளியில இருக்கிற ஆளுக்கு இன்னொரு வேலை சொல்லுறன். கரையில நிக்கிற குட்டை மரங்களின்ர அடி, கொப்பு, பாசி பிடிச்ச தண்டு, இதுகளை ஆறுதலா பாருங்கோ. மூக்கு நுனியில வெள்ளையா ஒரு கொம்பு நீட்டிக்கொண்டு ஒரு ஓணான் இருக்கும், அசையாது, கொம்பு ஒரு முள்ளு மாதிரி இருக்கிறதால மரத்தின்ர பாகம் எண்டுதான் முதல்ல நினைப்பியள். ஆணுக்குத்தான் கொம்பு பெரிசு. 11 வயசுப் பிள்ளைக்கு இதைக் கண்டுபிடிக்கச் சொல்லி விட்டா பிறகு உலக முடிவையே மறந்திடும். மரம் எல்லாம் ஏன் குட்டையா, தலை தட்டையா, குடை விரிச்ச மாதிரி நிக்குது எண்டு பிள்ளையள் கேக்கும், 2,100 மீற்றருக்கு மேல ஓயாமல் அடிக்கிற காத்துத்தான் காரணம். கொப்பெல்லாம் நரைச்ச தாடி மாதிரி தொங்கிறது பாசிப்பூஞ்சை, காத்துச் சுத்தமா இருக்கிற இடத்திலதான் அது வளரும்.

எனக்கு அந்த இடத்தில எல்லாத்தையும் விடப் பெரிசாத் தெரியிறது தண்ணி. மகாவலி, களனி, வளவை மூண்டு ஆத்துக்கும் தண்ணி இந்த மலையில இருந்து இறங்குது. பேக்கர் நீர்வீழ்ச்சி 20 மீற்றர் தான், உயரத்தை வைச்சுப் பாத்தா இலங்கையில எத்தினையோ நீர்வீழ்ச்சி இதை விடப் பெரிசு, ஆனா அந்தத் தண்ணி பெலிகுல் ஓயாவுக்குப் போய், பிறகு வளவை கங்கையோட சேந்து, தெற்கில அம்பலாந்தோட்டையில கடலுக்குப் போகுது. வழியில எத்தினை வயலுக்கு அது பாயுது எண்டு யோசிச்சுப் பாருங்கோ. கையில மூட்டம் வந்து படுற ஈரத்தையே இந்தக் காட்டு மரங்கள் பிடிச்சுச் சொட்டுச் சொட்டா மண்ணுக்கு விடுது, மழை இல்லாத நாளிலயும். அதாலதான் 1873-ல ஹூக்கர் எண்ட தாவரவியல் அறிஞர் 5,000 அடிக்கு மேல உள்ள காட்டை வெட்ட வேண்டாம் எண்டு பிரிட்டிஷ் அரசாங்கத்துக்குச் சொன்னவர். மற்ற மலையெல்லாம் கோப்பிக்கும் தேயிலைக்கும் மொட்டையடிச்ச காலத்தில இது தப்பினதுக்கு அது ஒரு பெரிய காரணம். பிறகு 1969-ல சரணாலயம், 1988-ல தேசிய பூங்கா, 2010-ல மத்திய மலைநாட்டோட சேத்து யுனெஸ்கோ உலக மரபுரிமை. அதே 2010-லதான் அழிஞ்சு போச்சு எண்டு கனபேர் நினைச்ச மலைத்தேவாங்கின்ர படமும் வெளிவந்தது, அது இரவில திரியிற பிராணி, நீங்கள் காண மாட்டியள், ஆனா அந்தக் காட்டுக்குள்ள அது இருக்குது எண்டு தெரிஞ்சுகொண்டு பாக்கேக்க காடு வேற மாதிரித் தெரியும்.

அதால மூட்டம் வந்து உலக முடிவு தெரியாமல் போனாலும் போன காசு வீண் எண்டு ஒருத்தரும் நினைக்க வேண்டாம். மூட்டத்துக்குள்ள அந்தக் காடு இன்னும் வடிவு.

மதுரை பயணி:

நான் தமிழ்நாட்டுல இருந்து வந்து பாத்தவன், வெளிய இருந்து வர்ற ஆளோட பார்வையில ரெண்டு மூணு விஷயம் சொல்றேன், அக்கா குடும்பத்துக்கு உதவும்.

டிக்கெட் விலை இலங்கைக்காரங்களுக்கு ரொம்ப கம்மி, வெளிநாட்டு பாஸ்போர்ட்டுக்கு பல மடங்கு ஜாஸ்தி, அதோட வரி, சர்வீஸ் சார்ஜ் எல்லாம் தனியா சேரும், அதனால கவுண்டர்ல போய் அதிர்ச்சி ஆகாம முன்னாடியே விலைய விசாரிச்சு வச்சுக்கோங்க. உங்க ஊர் அடையாள அட்டை வச்சிருக்கறவங்க எல்லாரும் கையோட எடுத்துட்டு போங்க.

அடுத்தது பை செக்கிங். நடைபாதை ஆரம்பிக்கற இடத்துல பைய தொறந்து பாக்கறாங்க, பாலித்தீன் எதுவும் உள்ள விடறதில்ல. பிஸ்கட், சிப்ஸ் பாக்கெட்ட பிரிச்சு பேப்பர் பையில கொட்டித் தர்றாங்க, தண்ணி பாட்டில்ல ஒட்டியிருக்கற லேபிளக் கூட உரிச்சுட்டுதான் குடுத்தாங்க. எனக்கு பின்னால நின்னவர் சலிச்சுக்கிட்டார், ஆனா உள்ள போயி அவ்ளோ தூரம் நடந்து ஒரு கவர் கூட கண்ணுல படாதப்ப மனசு நெறஞ்சு போச்சு, நம்ம ஊர் மலைகள்லயும் இந்த மாதிரி கண்டிப்பா செஞ்சா எவ்ளோ நல்லா இருக்கும்னு தான் நடந்த நேரம் பூரா நெனச்சேன்.

அங்க போய் நின்னதும் எனக்கு எங்க மேற்குத் தொடர்ச்சி மலையில இருக்கற இரவிகுளம், முக்குருத்தி தேசிய பூங்காக்கள் தான் ஞாபகம் வந்துச்சு, அதே புல்வெளி, பள்ளத்துல மட்டும் அடர்த்தியா சோலை, ரோடோடென்ட்ரான் மரத்துல அதே ரத்தச் சிவப்புப் பூ. நடுவுல கடல் இருந்தாலும் மேற்குத் தொடர்ச்சி மலையும் இலங்கை மலையும் உயிரினங்கள் விஷயத்துல ஒரே குடும்பம்னு படிச்சிருக்கேன், கண்ணால பாக்கறப்பதான் அது உறைக்குது. நம்ம குறிஞ்சி வகைப் பூவும் அங்க இருக்கு, அவங்க நெலுன்னு சொல்றாங்க, 2013-ல கூட்டமா பூத்துச்சாம். வித்தியாசம் என்னன்னா இரவிகுளத்துல பஸ்ல ஏத்திட்டு போயி கொஞ்ச தூரம் ரோட்டுல நடக்க விடுவாங்க, ஆனமுடி சிகரத்துப் பக்கம் போக முடியாது, இங்க அந்த மலைக்காட்டுக்குள்ளயே நம்ம காலால 9 கிலோமீட்டர் நடக்கலாம். அது சாதாரண வாய்ப்பு இல்ல.

ரயில் பிடிக்கும்னா ஒரு வழியாவது மலை ரயில்ல வாங்க, பட்டிப்பொல ஸ்டேஷன் 1,898 மீட்டர், இலங்கையிலயே உயரமான ஸ்டேஷன் அது. அந்த லைன்ல அதுக்கு அடுத்து வர்ற ஸ்டேஷன் ஒஹிய. கிளம்பறதுக்கு முன்ன லைன் ஓடுதான்னு கேட்டுக்கோங்க, மழைக் காலத்துல மண் சரிஞ்சா நிறுத்திருவாங்க.

மலையேறி:

பேக்கர் நீர்வீழ்ச்சி, உலக முடிவு பற்றி எல்லாரும் சொல்லிட்டீங்க, ரெண்டு சிகரத்தையும் யாரும் சொல்லேல்ல.

இலங்கையின்ர ரெண்டாவது, மூண்டாவது உயரமான மலைகள் இந்தப் பூங்காவுக்குள்ளதான். கிரிகல்பொத்த 2,389 மீற்றர், தொட்டுபொல 2,357 மீற்றர். முதலாவது இடத்தில இருக்கிற பிதுருதலாகலவில ஆமி முகாமும் ஒளிபரப்புக் கோபுரமும் இருக்கிறதால நடந்து ஏற விடமாட்டினம், அதால காலால ஏறக்கூடிய ஆக உயரமான இடம் எண்டா கிரிகல்பொத்ததான். ஆனா அது ஒரு முழு நாள் வேலை, சதுப்பு நிலமும் குட்டை மூங்கிலும், பாதையும் இடைக்கிடை மறைஞ்சு போகும், சின்னப் பிள்ளையளோட வேண்டாம்.

தொட்டுபொல அப்பிடியில்லை. பட்டிப்பொல கேட்டால உள்ள போன உடனே றோட்டில இருந்தே பாதை ஏறுது, தூரம் குறைவு. நீங்களும் அக்காவின்ர அவரும் மூத்த பிள்ளையும் காலில பலம் மிச்சமிருந்தா திரும்பி வரேக்க ஏறிப்பாருங்கோ. மேல மரம் எல்லாம் இடுப்பளவுதான், சுத்தி எல்லாப் பக்கமும் மலை, தெளிஞ்ச நாளில சிவனொளிபாதமலையின்ர கூரான உச்சி மேற்கில தெரியும். உலக முடிவில நிக்கிற சனத்தில பத்தில ஒரு பங்கு கூட இங்க வாறதில்லை.

வடமராட்சிப் பெடியன்:

எல்லாருக்கும் கோடி நன்றி. அம்மாவுக்கு அரங்கா குளத்துக் கதையை வாசிச்சுக் காட்டினன், இப்ப என்னை விட அவதான் அவசரப்படுறா. முடிவு இதுதான்: போற வழியில குளத்தடியில நிக்கிறது, பிறகு அக்காவும் அம்மாவும் சின்னவளும் ஓடைக்கரை வரைக்கும், நானும் அத்தானும் மூத்தவனும் இடது பக்கத்தால முழுச் சுத்து. கடைசிக் கேள்வி, சாப்பாடும் உடுப்பும் என்ன மாதிரி? குளிர் எவ்வளவு இருக்கும்?

தலவாக்கலை தம்பி:

நல்ல பிளான் அண்ணன். குளிர் சரியா இருக்கும், தை மாசம் விடியக்காலைல 5 டிகிரி கிட்ட எறங்கும், சில நாள் புல்லு மேல உறைபனி வெள்ளையா படிஞ்சிருக்கும், அதைப் பாக்கணும்னா சூரியன் ஏற முந்தி போயிருக்கணும். ஆனா 8 மணிக்கு மேல வெயில் சுடும், அந்த உயரத்துல வெயில் தோலை எரிக்கும், அதனால ஒரே தடிச்ச ஜக்கெட்ட விட ரெண்டு மூணு மெல்லிசு உடுப்பா போட்டுட்டு ஒவ்வொண்ணா கழட்டிக்கோங்க, தொப்பி கட்டாயம். அம்மாவுக்கு காதை மூடுற மாதிரி ஒரு சால்வை, ஒக்காந்திருக்கிறவங்களுக்குத்தான் குளிர் ஜாஸ்தி தெரியும். செருப்போட வேணாம், பிடிப்பு உள்ள சப்பாத்து போடுங்க, அம்மாவுக்கு ஒரு ஊன்றுகோல் எடுத்துட்டு வாங்க.

சாப்பாடு தங்குற எடத்துலயே விடிய கட்டித் தரச் சொல்லுங்க, லஞ்ச் ஷீட்டுல, அதாவது சோறு சுத்துற பொலித்தீன் தாள்ல, கட்ட வேணாம்னு முதல் நாளே சொல்லிருங்க, வாழையிலையில சுத்தி கடதாசியில கட்டினா பிரச்சினை இல்ல. ஃபார் இன் பக்கம் டீ குடிக்கலாம், நடைபாதையில கடை ஒண்ணும் கிடையாது, தண்ணி ஆளுக்கு ஒரு போத்தலாவது வேணும். நீங்க மூணு பேரும் சுத்தி வர மூணு மணித்தியாலம் நாலு மணித்தியாலம் ஆகும், உள்ள போன் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், அதனால அம்மாவங்ககிட்ட எத்தனை மணிக்கு திரும்பி வருவீங்கன்னு சொல்லிட்டு போங்க.

பகல் 11 மணிக்கெல்லாம் மலையை விட்டு எறங்கிருவீங்க, நுவரெலியாவுக்கு திரும்பினதும் பதுளை ரோட்டுல ஹக்கல பூங்காவும் சீதையம்மன் கோயிலும் பக்கத்துப் பக்கத்துலயே இருக்கு, கோயில்ல அம்மாவ அந்த ஆத்துக்கரையில கொஞ்ச நேரம் ஒக்கார வைங்க. டிரைவர் நாலரைக்கு வந்தவரு, அவரையும் ஒரு மணித்தியாலம் தூங்க விடுங்க.